தீவகக் கூத்தும் நேரக்குறிக் கேபிளும்: ஒலிப்பதிவு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கருவிகளின் வரலாற்றை அவற்றைக் கையாண்ட மனிதரின் உறவுகளிலிருந்து பிரித்து எழுதுவோமாயின் அது கண்டுபிடிப்புகளின் பட்டியலாகச் சுருங்கிவிடும். ஈழத்துக் கூத்து மரபு பற்றிய ஆய்வுகளிற் பாட்டு, தாளக்கட்டு, ஆட்டமுறை, களரியமைப்பு என்பன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவை எக்கருவியாற் பதிவாயின, அப்பதிவிற் குரலும் உடலும் எவ்வாறு பிரிந்தன என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தை முன்னிறுத்தி மிகச் சிறிய ஒரு பொருளை இங்கு நாம் ஆராய முற்படுகிறோம். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியையும் வீடியோக் கமெராவையும் தொடுத்து, இரண்டுக்கும் ஒரே நேரத்தை வழங்கும் கேபிளே அப்பொருள். தொழில்நுட்ப விவகாரமாகத் தோன்றும் இது ஒரு வேலைப்பிரிவினையின் விளைவாக எழுந்த சிக்கல் என்பதே நமது வாதம்.

வாய்மொழி இலக்கிய ஆய்வுக்கும் பதிவுக் கருவிக்கும் உள்ள உறவு தமிழாய்வாளருக்கு அந்நியமானதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூல், மில்மன் பரியின் வாய்மொழிப் பாடற் கோட்பாட்டைத் துணைக்கொண்டது. பரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவிற் களப்பணி புரிந்தவர். அங்கு பாணர் மணிக்கணக்கிற் பாடினர்; அக்காலத்துத் தட்டு ஒன்றோ சில நிமிடப் பாட்டையே கொள்ளும். ஆகவே இரு சுழல்தட்டுகள் கொண்ட கருவியொன்றைச் செய்வித்து, ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றி, பாட்டு அறாதவாறு அலுமினியத் தட்டுகளிற் பதிந்தார். நிகழ்வு ஒன்று, இயந்திரம் இரண்டு என்னும் நமது சிக்கலின் மூதாதையை இங்கு காண்கிறோம்.

நம்மிடையே முதலில் நிலைபெற்றது பனுவலே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் அலங்கார ரூபன் நாடகத்தையும் 1964 இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும் பதிப்பித்தமை ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் கிடந்தவற்றை அச்சுக்குக் கொணர்ந்த பெரும்பணியாகும். எனினும் அச்சேறியது சொல் மட்டுமே. பின்னர் ரேப் றெக்கோடர் வந்தது. குரலும் மத்தளமும் கிடைத்தன, ஆட்டக்காரரின் கால் கிடைக்கவில்லை. ஊர்காவற்றுறைப் பகுதியில் மெலிஞ்சிமுனை போன்ற கடற்றொழிலாளர் கிராமங்களில் ஆடப்படும் கத்தோலிக்கக் கூத்துக்களிற் பாட்டும் மத்தளமும் ஆட்டமும் ஒரே உழைப்பின் கூறுகள். அவற்றுள் ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்துப் பேழையில் வைப்பது, வலையைப் பிரித்து நூலை மட்டும் பாதுகாப்பது போன்றது.

படம் வேறு வழியாக வந்தது. 1983 இற்குப் பின்னர் பெருகிய புலப்பெயர்வு தீவகத்தை உலுக்கியது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் உழைத்து அனுப்பிய பணத்தின் பின்னாலேயே வீடியோக் கமெராவும் வந்து சேர்ந்தது. திருமணம், சாமத்தியச் சடங்கு, கோயிற் திருவிழா என்பன கடல்கடந்த உறவினருக்கான பண்டமாயின. அப்பண்டத்தின் இயல்பை நோக்குக: முகங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும், யார் வந்தார், யார் வரவில்லை என்று காணக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஒலி? அதனை அகற்றிவிட்டுச் சினிமாப் பாட்டைப் பூசிவிடுவதே வழக்கமாயிற்று. பெண்களின் பேச்சு, தவில், சமையற் பகுதியின் ஆரவாரம் அனைத்தும் அப்பாட்டின் கீழ் மறைந்தன. இதனை ஸ்ரூடியோக்காரரின் ரசனைக் குறைவு என்று பழிப்பது எளிது. கமெராவிலேயே பொருத்தப்பட்ட மைக்கிற் சோளகக் காற்றும் ஜெனரேற்றர் இரைச்சலுமே பதியும் என்பதை அத்தொழிலாளர் நன்கறிவர். விற்க முடியாததை மூடிவைத்தனர்.

ஆக, ஆய்வாளர் கையில் ஒலிக்கருவியும் ஸ்ரூடியோக்காரர் கையிற் கமெராவும் என இரு மரபுகள் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. திரைப்படத்திலும் இதன் சாயலைக் காணலாம். வெளிப்புறப் படப்பிடிப்பும் இரைச்சல்மிக்க கமெராக்களும் பெருகியபின், குரலைப் பின்னர் ஸ்ரூடியோவிற் பதிவதே தமிழ்த் திரையுலகிற் பொதுவழக்காயிற்று; 2004 இல் ‘விருமாண்டி’ களத்திலேயே குரலைப் பதிந்தமை தனித்துப் பேசப்படுமளவுக்கு அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரமேற்ற ‘தீபன்’ 2015 இற் கான் விழாவிற் தங்கப்பனை விருது பெற்றது. தீவக மனிதர் ஒருவரின் வாயும் குரலும் பிரியாது உலகத் திரையில் ஒலித்தன. ஆயின் அதற்கு வேண்டிய மூலதனம் பாரிஸில் இருந்தது.

இடையிலே போர்க்காலத் தடை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. மக்கள் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, மிதித்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியும் கசற்றும் கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் மின்னழுத்தம் தாழும், மோட்டார் தளரும், குரல் இழுபடும். பதிவுக் கருவியின் கடிகாரம் அங்கு மனிதக் காலாகவே இருந்தது. அவ்வாறு ஓடிய கருவியிற் பிரதிசெய்யப்பட்ட நாடாவைக் கொண்டு தாளவேகத்தைக் கணிப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, கேபிளின் வரலாறு. சுவிற்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951 இல் உருவாக்கிய நாக்ரா, ஒலிப்பதிவைத் தோளிற் சுமந்து செல்லக்கூடியதாக்கியது. பின்வந்த மாதிரிகளிற் கமெரா மோட்டாரின் வேகத்துக்கேற்ப எழும் மின்துடிப்பு ஒரு கேபிள்வழி வந்து குரலின் அருகே நாடாவிற் பதிந்தது. இதனால் இரண்டினதும் வேகம் ஒத்தது. எந்தக் கணத்திலே தொடங்கிற்று என்பதைக் கிளாப் பலகையே சொல்லவேண்டியிருந்தது. ரைம்கோட் எனப்படும் நேரக்குறி இதற்கு விடையாக 1960 களின் இறுதியில் அமெரிக்காவில் வீடியோத் தொகுப்புக்கென உருவாகி, 1970 களில் நியமம் பெற்றது. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் மணி, நிமிடம், செக்கன், சட்ட எண் ஆகியன 80 துணுக்குகளில் எழுதப்படுகின்றன. செக்கனுக்கு 25 சட்டங்கள் என்னும் நமது முறையில் இது 2000 துணுக்குகளாகும். செவிப்புல எல்லைக்குள் அடங்கும் கரகரத்த ஒலியாகவே அது இருப்பதால் எந்த ஒலித்தடத்திலும் பதியலாம்.

இதன் தேவையை விடியவிடிய ஆடப்படும் கூத்தைப் போற் காட்டவல்லது வேறில்லை. இரு கருவிகளின் பளிங்குக் கடிகாரங்கள் தம்முட் பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபட்டால், ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெக்கன் விலகல் ஏற்படும். 8 மணி நேரத்தில் 288 மில்லிசெக்கன், அதாவது 7 சட்டங்கள். துரித காலத்தில் அடுத்தடுத்த இரு அடிகளுக்கிடையே அவ்வளவு இடைவெளியும் இராது. கால் தாளத்தோடு விழுந்ததா, முந்தி விழுந்ததா என்பதை ஆராய்பவர் விடியற்காலைக் காட்சியிற் கருவியின் பிழையை ஆட்டக்காரரின் பிழையாக எழுதிவிடக்கூடும். களரியிலிருந்து 35 மீற்றர் தள்ளிக் கமெராவை நிறுத்தினால், காற்றில் வரும் ஒலியே பத்திலொரு செக்கன் பிந்தும் என்பதும் கருதற்பாலது. இரு ஒலிகளையும் ஒப்பிட்டுத் தாமே பொருத்தும் கணினி நிரல்கள் இன்று உண்டு. ஆயினும் தீவுக் காற்றிற் கமெராவின் மைக் தரும் ஒலியில் ஒப்பிடுவதற்கு அதிகம் எஞ்சுவதில்லை.

கேபிளைச் செய்வது றேடியோ திருத்தும் எவர்க்கும் இயலும். கையடக்க ஒலிக்கருவிகள் பலவற்றில் நேரக்குறி ஐந்து ஊசி கொண்ட லெமோ இணைப்பியால் வெளிவருகிறது. வழமையாக முதலாம் ஊசி நிலம், ஐந்தாம் ஊசி குறி வெளியேறும் வழி. திருமண ஸ்ரூடியோக்களிற் காணப்படும் சிறு கமெராக்களில் நேரக்குறிக்கென வாயில் இல்லை, 3.5 மில்லிமீற்றர் மைக் துளையே உண்டு. குறியின் வலு அத்துளைக்கு மிக அதிகம். எனவே தொடரில் 10 கிலோ ஓம் தடையியும் நிலத்தோடு 100 ஓம் தடையியும் ஈயத்தாற் பற்றவைத்தால் அது ஏறத்தாழ நூறிலொன்றாகக் குறையும். மைக்குக்கெனக் கமெரா அனுப்பும் சிறு மின்னழுத்தத்தை மறிக்க ஒரு கொள்ளளவியும் இடல் நன்று. இடத்தடத்திற் குறி ஓடும்; வலத்தடத்தில் மைக்கொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சபைக்கு நடுவே நீண்ட கேபிள் இழுப்பது பிள்ளைகளின் காலுக்கு ஆபத்து. அதற்கு மாற்றாக, கமெராவில் ஒட்டிய சிறு குறிப்பெட்டியை மாலையில் ஒலிக்கருவியோடு தொடுத்து நேரம் ஒப்பித்துக் கழற்றிவிட்டு, நள்ளிரவில் ஒருமுறை மீண்டும் ஒப்பிக்கலாம்.

கம்பியிலும் கடினமானது உடன்பாடு. கமெரா 30 சட்டத்திலும் ஒலிக்கருவி 25 இலும் நின்றால் எக்கேபிளும் உதவாது. ஆய்வாளரும் ஸ்ரூடியோக்காரரும் கூத்துத் தொடங்குமுன் ஒரே வாங்கில் இருந்து இவற்றைப் பேசித் தீர்க்கவேண்டும். மத்தளத்தருகே மைக் எங்கு நிற்கலாம் என்பதை அண்ணாவியார் சொல்லவேண்டும். முன்னர் ஒருவரையொருவர் கேளாதிருந்த மூவர் இவர்கள்.

பழைய நாடாக்களை இன்று கணினிக்கு மாற்றுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரத்துக்கு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்காது பழைய நேரத்திலேயே இயங்கின. படையினரின் கட்டுப்பாட்டிலிருந்த தீவகம் அரசின் நேரத்தில் இருந்தது. ஆகவே அப்பத்தாண்டு வீடியோக்களின் மூலையிற் பதிந்துள்ள மணியை வன்னியிற் பதிவான ஒன்றோடு ஒப்பிடுமுன், அது எவருடைய கடிகாரம் என்பதை நாடாவின் உறையிலே குறித்துக்கொள்ளல் வேண்டும்.