புல்லா, மரமா? தரைக்கு வந்த மூங்கிலின் கதை

நகரத்துல புதுசா வீடு கட்டுறவங்க இப்போ தரைக்கு மூங்கில் பலகை போடுறாங்க. பார்க்க தேக்குப் பலகை மாதிரியே இருக்கு. ஆனா கடைக்கு வர்ற சரக்கில் நிறைய சீனாவில் செய்தது. மூங்கில் ஏராளமாக விளைகிற நாடுதான் நம்முடையதும். அப்புறம் ஏன் அங்கிருந்து வருது? ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டதும் அதுக்கு ஒரு காரணம்.

மூங்கில் மேல் நடப்பது நமக்குப் புதுசு இல்லை. எங்க பழைய வீட்டு மச்சு மூங்கில்தான். குறுக்கே கழிகளைப் போட்டு, மேலே பிளாச்சுகளை நெருக்கமாகப் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசிச் சாணம் மெழுகியிருப்பார்கள். நெல் மூட்டையும் வெங்காயமும் அதன் மேல்தான் கிடக்கும். நாங்க ஏறிக் குதிச்சாலும் தாங்கும். அஸ்ஸாமில் மிசிங் மக்கள் வெள்ளத்துக்குப் பயந்து கால் நட்டு உயர்த்திக் கட்டுகிற வீட்டில் தரையே மூங்கில் பிளாச்சுதான்.

மச்சுக்கு வெட்டுற மூங்கிலைத் தாத்தா தேய்பிறையில்தான் வெட்டுவார். வெட்டியதும் குளத்தில் அமுக்கிப் போட்டுவிடுவார். வாரக்கணக்கில் ஊறிய பிறகு எடுத்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் உளுக்காது. மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்தைத் தின்னத்தான் பூச்சி வரும், தண்ணீரில் அது கரைஞ்சு போயிடும். இன்றைக்குத் தரைப் பலகை செய்கிற ஆலையிலும் முதல் வேலை இதேதான். பிளந்த சட்டங்களின் மேல்தோலையும் உள்தோலையும் இழைத்து எடுத்து, மாவுச்சத்து போக வேகவைத்து, காயவைத்து, பசை தடவிச் சூட்டில் அழுத்துகிறார்கள். நார் நாராகக் கிழித்துப் பசையோடு அழுத்தினால் பலகை இன்னும் கெட்டி.

இப்போ அந்தச் சொல்லுக்கு வர்றேன். மூங்கில் புல் வகை. வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியமே மரபியலில் பிரித்துச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இதைச் சொன்னபோது, பக்கத்தில் கிடந்த மூங்கிலையும் வேலங்கட்டையையும் மனசுக்குள்ளேயே வெட்டிப் பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.

ஆனா வெள்ளைக்காரன் 1927ல் போட்ட இந்திய வனச் சட்டம், மரம் என்ற சொல்லுக்குள் மூங்கிலையும் சேர்த்துவிட்டது. மரம் என்றால் வெட்ட, வண்டியில் ஏற்ற வனத்துறை அனுமதி, பாஸ். பல மாநிலங்களில் சொந்த நிலத்தில் வளர்த்தவனுக்கும் இதே கதை. கூடை முடைகிறவர்கள் ரெண்டு மூங்கிலுக்காகப் பயந்து பயந்து காட்டுக்குப் போனார்கள். அதே காலத்தில், சுதந்திரத்துக்குப் பிறகுதான், கர்நாடகத்தில் ஒரு காகித ஆலைக்கு அரசு மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்ததாகச் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். கிலோ இல்லீங்க, டன்! அந்த விலையில் கூழாகப் போகிற பொருளைப் பலகையாக்கலாம் என்று யார் யோசிப்பார்கள்?

சீனாவில் 1980களின் தொடக்கத்தில் கூட்டுப் பண்ணைக் காடுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜெஜியாங் மாகாணத்து அன்ஜி மாதிரி இடங்களில் மூங்கில் தோப்பு வெட்டுகிறவன் கைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அங்கே தரைப் பலகை ஆலைகள் பெருகி, சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. அவர்களுடைய மோசோ மூங்கில் தனித்தனியாக, நேராக நிற்கும். அடியில் சுமார் நாலு அங்குலக் குறுக்களவு. அஞ்சாறு வருஷத்தில் உள்ளே நடந்து போய் ஒவ்வொன்றாக வெட்டலாம். நம்ம முள் மூங்கில் புதருக்குள் கையை விட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடியில் ஒன்றை வெட்டினாலும் மேலே பின்னிக்கொண்டு இறங்காது. கல் மூங்கில் கெட்டி, ஆனால் ஒல்லி, வளைசல் வேறு.

இங்கே கட்டு அவிழ எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலில் சேர்த்தது. அதைக் காட்டி, மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா கிராம சபை தன் மூங்கிலைத் தானே விற்கப் போராடியது. 2011ல்தான் பாஸ் புத்தகம் அந்தச் சபையின் கைக்கு வந்தது. மரம் என்ற சொல்லிலிருந்து மூங்கிலை எடுத்தது 2017ல். 90 வருஷம்! அதுவும் காட்டுக்கு வெளியே வளர்வதற்குத்தான் விடுதலை.

2023ல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு மூங்கில் தரை திரிபுராவிலிருந்து போயிருக்கிறது. மரம் என்று வைத்திருந்ததும் அந்தச் சபைதான், இல்லை என்று திருத்தியதும் அதேதான். இப்போ அதன் மேலேயே நடக்கிறார்கள்.

எங்க வாய்க்கால் கரையிலும் மூணு புதர் இருக்கு. கேட்டு வர்றது பந்தல் போடுறவரும் தக்காளிக்குக் கொம்பு நடுறவங்களும்தான். பலகைக்கு இதுவரை யாரும் வரலை.