உருகாத தூளின் கணக்கு

யாழ்ப்பாணம் கன்னாதிட்டி நகைப்பட்டறைகளில் அராவிய பொன்துகளைக் குப்பையென்று எவரும் எண்ணுவதில்லை. அரத்தின் அடியில் உதிர்வதைத் தூரிகையால் கூட்டி எடுப்பர். தரைத்தூசியையும் சேர்த்துவைத்துக் கழுவி, உருக்கி, பொன்னைப் பிரிப்பர். உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சுத் தொழில் இந்தக் கவனத்துக்கு மெதுவாகவே வந்துசேர்ந்தது.

தூளை லேசரால் இணைக்கும் முறைக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் டெக்கார்ட் 1986இல் காப்புரிமை கோரினார். 1990களின் நடுவில் ஜேர்மனியின் ஈ.ஓ.எஸ். நிறுவனம் உலோகத்தூள் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1996இல் ஆகன் நகரின் பிரவுன்ஹோபர் நிறுவன ஆய்வாளர்கள் தூளை முழுமையாக உருக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். நுண்துளை இல்லாத உறுதியான பொருள் கிடைக்குமா என்பதே அன்றைய பெரிய கேள்வி. மிஞ்சிய தூளைப் பற்றிய கேள்வி பிறகுதான் வலுத்தது.

கடைந்து வெட்டுவதோடு ஒப்பிட்டால் சேமிப்பு வியக்கத்தக்கது. பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை இஸ்ரோ இம்முறையில் வடிவமைத்து, விப்ரோ 3டி மூலம் செய்வித்து, 2024 மே 9 அன்று தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் 665 விநாடி எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 ஒட்டுகள் நீங்கின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமென இஸ்ரோ அறிவித்தது.

இந்த எண்ணை அப்படியே செயல்திறனின் அளவாகக் கொள்ள நான் தயங்குகிறேன். பொருளைச் சுற்றியுள்ள இடம் முழுவதையும் தூள் நிரப்பியாக வேண்டும். 250 மில்லிமீற்றர் சதுரத் தளத்தில் 300 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிக்கல் கலப்புலோகத் தூளைப் பரப்பினால் அதன் நிறை ஏறத்தாழ 80 கிலோ. அதில் பொருளாக மாறுவது சிறு பங்கே. மீதித் தூள் மறுமுறை பயன்படாவிட்டால் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்துபோகும்.

அந்த மீதியும் பழைய தூளாகவே இருப்பதில்லை. லேசர் படும் குழம்பிலிருந்து தெறித்த துளிகள் அதில் விழுந்து உறைகின்றன. சல்லடை பெரிய துகள்களைப் பிடித்தாலும், பொடியோடு ஒத்த அளவுடையவை தப்பிவிடுகின்றன. ஒட்சிசனும் ஏறுகிறது. 2015இல் ஜே.ஓ.எம். ஆய்விதழில் டாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக அளந்தது. லேசருக்குப் பதில் இலத்திரன் கற்றையால் உருக்கும் முறையில் ஒரே தைத்தேனியக் கலப்புலோகத் தூளை 21 முறை பயன்படுத்தியபோது, ஒட்சிசன் 0.08 சதவீதத்திலிருந்து 0.19 ஆக உயர்ந்தது. தூள் முன்னைவிட நன்றாக வழிந்தோடியது; பொருளின் வலிமையும் கெடவில்லை. எனினும் அவ்வகை உலோகத்துக்குத் தர நியமம் விதிக்கும் எல்லை 0.20 மட்டுமே. எல்லையை நெருங்கிய தூளோடு புதுத்தூளைக் கலப்பது வழக்கம். கலந்தபின் ஒரே தொகுதியில் பல வயதுத் துகள்கள் இருப்பதால், எது எத்தனை முறை சூடேறியது என்று பின்தொடர்வது கடினமாகிறது.

2010களின் முதற்பாதியில் ஈ.ஓ.எஸ்., பிரித்தானியாவின் குக்சன்கோல்டுடன் சேர்ந்து நகைக்கென்றே உருவாக்கிய எம் 080 இயந்திரம் வேறு வழியில் சென்றது. தளத்தின் விட்டம் 80 மில்லிமீற்றர், உயரம் 95. கொள்ளளவு அரை லீற்றருக்கும் குறைவு. ஆயினும் அதை 18 கரட் தங்கத்தூளால் நிரப்பினால் ஏறத்தாழ 4 கிலோ, அதாவது 500 பவுண் நிறை, உள்ளே முடங்கிவிடும். ஆகவே உள்ளே போன தூளுக்கும் வெளியே வந்த உலோகத்துக்கும் முழுக்கணக்கு கிடைக்கும்படியே இயந்திரத்தை வடிவமைத்தனர். இலாபக் கணக்கே அவர்களை இதற்குத் தூண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவ்விடத்தில் பொன்னுக்குப் பெரிய வசதி ஒன்றுண்டு. கெட்டுப்போன பொன்தூளைச் சுத்திகரித்து, உருக்கி, மீண்டும் தூளாக்கலாம், மதிப்புக் குறையாது. தைத்தேனியத்துக்குள் புகுந்த ஒட்சிசனையோ உருக்கி வெளியேற்ற முடியாது. அதனால் பட்டறையில் பொன்துகளுக்குக் கிடைக்கும் இரண்டாம் வாழ்வு, ரொக்கெட்டுக்கும் விமானத்துக்கும் போகும் தூள்களில் பலவற்றுக்கு இன்னும் கிட்டவில்லை.