இடமதிப்பு கற்பித்தல்: கைப்பொருள் வழிமுறைகள்

ஓர் இலக்கம் எண்ணில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். இந்தக் கருத்தைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குப் புரியவைப்பதே இடமதிப்பு கற்பித்தல். குச்சிக் கட்டு, மணிச் சரம், மரக் கட்டை, நாணயம், ஆணிமணிச்சட்டம் ஆகியவை இதற்குப் பயன்படும் முக்கியமான கைப்பொருள்கள். இவற்றில் எது உயர்ந்தது என்பதைவிட, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதே வகுப்பறையில் பெரிய கேள்வி.

பெரியவர்களுக்கு இடமதிப்பு மிக எளிதாகத் தோன்றும். குழந்தைக்கு அப்படியல்ல. ‘முப்பத்து நான்கு’ என்று சொல்லி எழுதச் சொன்னால் பல குழந்தைகள் 304 என்று எழுதுவார்கள். முப்பதையும் எழுதியாயிற்று, நான்கையும் எழுதியாயிற்று. அவர்கள் கணக்கில் பிழையே இல்லை. உளவியலாளர் பியாஜேயின் மரபில் ஆய்வு செய்த கான்ஸ்டன்ஸ் கமி இதைத் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்றைப் பயன்படுத்தினார். 16 வில்லைகளை எண்ணவைத்து, 16 என்று எழுதவைத்து, ‘இந்த 6 எந்த வில்லைகளைக் குறிக்கிறது?’ என்று கேட்பது முதல் படி. குழந்தை ஆறு வில்லைகளைச் சரியாகக் காட்டும். அடுத்து 1ஐத் தொட்டுக் கேட்டால், பல குழந்தைகள் ஒரே ஒரு வில்லையைக் காட்டுவார்கள். மீதி ஒன்பது வில்லைகள் எந்த இலக்கத்துக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அது அவர்களை உறுத்துவதும் இல்லை. எழுத்தில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகச் செய்யும் பிள்ளைகளிடமும் இதைக் காணலாம்.

குச்சிக் கட்டு

இடமதிப்புக்கு மிக மலிவான பொருளும், என் மதிப்பீட்டில் மிகச் சிறந்த முதல் பொருளும் குச்சிதான். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளலாம். ஐஸ் குச்சி, தீக்குச்சி எதுவானாலும் சரி. கூடவே ரப்பர் பேண்ட். கட்டுகளை ஆசிரியர் முன்கூட்டியே கட்டி வைத்துவிடக் கூடாது. ஒரு கைக்குள் அடங்காத குவியலைக் கொடுத்து எத்தனை என்று கேட்க வேண்டும். குழந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும். நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு முறை இப்படி ஆனபின் ‘பத்துப் பத்தாகக் கட்டி வைத்தால் என்ன?’ என்ற யோசனைக்கு ஒரு தேவை பிறந்துவிடுகிறது. பத்து ஏன் ஒரே அலகாக வேண்டும் என்பதைக் குழந்தை தன் அலுப்பிலிருந்தே கற்றுக்கொள்கிறது.

குச்சிக் கட்டின் உண்மையான வலிமை கழித்தலில் தெரியும். 52இலிருந்து 17ஐ எடுக்க வேண்டும். குழந்தையின் முன்னால் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருக்கின்றன. ஒரு கட்டை எடுத்துத் தள்ளி வைத்துவிடுகிறது. ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. இந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறக்காமல் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கை தானாக ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் மீதி 35. பாடநூல் ‘இனமாற்றம்’ என்று சொல்வது இந்த ஒரு கழற்றலைத்தான். வகுப்பறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்ற பேச்சு, நடப்பதை மறைக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, திருப்பித் தரப்போவதும் இல்லை. ஒரு பத்து பத்து ஒன்றுகளாகப் பிரிந்தது, மொத்தம் மாறவில்லை. கட்டைப் பிரித்த கைக்கு இது தெரியும்.

மாண்டிசோரியின் மணிகள்

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய கணிதப் பொருள்களில் இடமதிப்புக்கு உரியது தங்க மணித் தொகுதி. தனி மணி ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு சரம். பத்துச் சரங்களைச் சேர்த்தால் நூறின் சதுரம். பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரத்தின் கனசதுரம். ‘1352 எடுத்து வா’ என்றால் குழந்தை தட்டோடு போய் ஒரு கனசதுரம், மூன்று சதுரம், ஐந்து சரம், இரண்டு மணி எடுத்துக்கொண்டு வரும். விரல் நுனியில் நிற்கும் ஒன்றுக்கும் உள்ளங்கையை நிரப்பும் ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடையாகவே உணர முடிகிறது.

இந்தத் தொகுதியில் மணிகளைவிட நுட்பமானவை அவற்றோடு வரும் எண் அட்டைகள் என்பேன். 1000 அட்டை நீளமானது, 300 அதைவிடக் குட்டை, 50 இன்னும் குட்டை, 2 ஓர் இலக்கத்தின் அகலமே உடையது. ஒன்றுகள் பச்சை, பத்துகள் நீலம், நூறுகள் சிவப்பு, ஆயிரங்கள் மறுபடி பச்சை. நான்கையும் வலது ஓரம் ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 1352 தெரியும். 304 என்று எழுதிய குழந்தைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: 30இன் சுழியத்தின் மேல் 4 போய் உட்காருகிறது. 4ஐத் தூக்கிப் பார்த்தால் சுழியம் அடியில் அப்படியே இருக்கும்.

மாண்டிசோரிக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் மகன் மரியோவுடன் அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டே இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டுக் குடிமக்கள் என்பதால் இருவரும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயினர். மகன் சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர் பயிற்சியைத் தொடர்ந்தார்.

கட்டைகள்

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்தான் டீன்ஸ் பரப்பிய மரக் கட்டைகள் மணித் தொகுதியின் உறவினர்கள்: சிறு கனம், நீளக் கட்டை, பலகை, பெரிய கனம். பத்துப் பத்தாகத் தொகுக்கும் பத்தடிமானத்துக்கு மட்டுமல்லாமல் மூன்று, நான்கு, ஐந்து அடிமானங்களுக்கும் கட்டைகள் செய்தது அவருடைய தனித்தன்மை. தொகுத்தல் என்ற கருத்தைப் பல உருவங்களில் சந்தித்தால்தான் குழந்தை அதைப் பொதுமைப்படுத்தும் என்று அவர் கருதினார். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேரின் வண்ணக் கோல்கள் ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை. இவை எண்களுக்கு இடையிலான உறவைக் காட்டச் சிறந்தவை, இடமதிப்புக்கு இரண்டாம் நிலைதான்.

மணியிலும் கட்டையிலும் ஒரு குறை உண்டு. பத்தின் சரத்தைப் பிரிக்க முடியாது. கொடுத்துவிட்டுப் பத்துத் தனி மணிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். குச்சிக் கட்டில் பிரித்தல் நடக்கிறது. இங்கே பரிமாற்றம் நடக்கிறது. அது கடினமான அடுத்த படி என்பதால், இந்த மாற்றத்துக்கென்றே ஒரு குழந்தையை வங்கியாக உட்காரவைத்து விளையாடுவது வழக்கம்.

நாணயமும் ஆணிமணிச்சட்டமும்

பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து ஒரு ரூபாய் நாணயங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மதிப்பு ஓர் ஒப்பந்தம். ஆணிமணிச்சட்டம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே எல்லா மணிகளும் ஒரே அளவு. வலக்கோடி ஆணியில் இருந்தால் ஒன்று, அடுத்த ஆணிக்குப் போனால் பத்து. நிற்கும் இடம் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லை. இது எழுதும் எண்ணுக்கு மிக நெருக்கமானது, அதனாலேயே மிகவும் அருவமானது. ஆனால் பல வகுப்பறைகளில் இடமதிப்புப் பாடம் தொடங்குவதே ஆணிமணிச்சட்டத்தில்தான். கடைசியில் வர வேண்டியது முதலில் வந்துவிடுகிறது. எந்த ஆணியில் எத்தனை மணி போடுவது என்பதைக் குழந்தை மனப்பாடமாகச் செய்துகாட்டும். பத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியவந்திருக்காது.

பழைய தமிழ் எண்குறிகள் இந்தப் படிநிலையை விளங்கிக்கொள்ள உதவும். அம்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 205ஐ ௨௱௫ என்று எழுதினால் போதும், சுழியம் தேவையில்லை. குச்சிக் கட்டும் அப்படித்தான். இரண்டு நூறு கட்டுகளையும் ஐந்து உதிரிகளையும் மேசையில் எப்படிப் போட்டாலும் 205தான். காலி இடம் என்ற பேச்சே எழாது. கட்டுகளோடு மட்டும் நின்றுவிட்ட குழந்தை 205ஐ 25 என்று எழுத இதுவே காரணம். ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று கட்டம் போட்ட இடமதிப்பு அட்டையில் குச்சிகளை வைத்து, பத்துகளின் கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் சுழியத்துக்கு வேலை வருகிறது.

ஐயங்களும் நடைமுறையும்

பொருளைக் கையில் கொடுத்தாலே கணிதம் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கமி இதை மறுத்தார்: பத்து என்ற உறவு கட்டையில் இல்லை, குழந்தையின் சிந்தனையில் உருவாக வேண்டியது என்பது அவர் நிலைப்பாடு. டேவிட் உட்டல், கேத்ரின் ஸ்கட்டர், ஜூடி டிலோச் ஆகியோர் 1997இல் வெளியிட்ட கட்டுரை வேறொரு சிக்கலைச் சொன்னது. கைப்பொருள் ஒரே நேரத்தில் பொருளாகவும் குறியீடாகவும் இருக்கிறது. பொருள் மிகவும் கவர்ச்சியாக இருந்தால் குழந்தை அதைக் குறியீடாகப் பார்க்கத் தவறலாம். பளபளப்பான பிளாஸ்டிக் யானைகளைவிட ஈர்க்குச்சி நல்லது என்பதற்கு இது வலுவான காரணம்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் ஏணிப்படி முறையிலிருந்து ஊக்கம் பெற்றது. அது பின்னர் மாநிலம் முழுவதும் பரவி, அட்டைகளையும் கைப்பொருள்களையும் அரசுப் பள்ளி வகுப்பறையின் இயல்பான பகுதியாக்கியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாடுகளைத் தருகிறது. இரண்டிலும் ஒரு வகுப்பின் வெற்றி ஆசிரியர் எப்போது பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. பொருள், வாய்ச்சொல், எழுதிய இலக்கம் மூன்றும் ஒரே வேளையில் நடக்க வேண்டும்: கட்டைப் பிரித்த உடனே என்ன செய்தாய் என்று சொல்லவைத்து, அதையே பலகையில் எழுதவைப்பது.

பொருளை எப்போது விலக்கலாம் என்பதற்கும் எளிய சோதனை இருக்கிறது. மூன்று கட்டையும் நான்கு குச்சியையும் குழந்தை பார்க்க வைத்து, துணியால் மூடி, இன்னும் எட்டுக் குச்சிகளை அதே துணிக்குள் நுழைத்து எத்தனை என்று கேட்க வேண்டும். 35, 36 என்று விரல் விட்டு எண்ணினால் குச்சி இன்னும் தேவை. ‘ஆறு சேர்ந்தால் நாற்பது, அப்புறம் ரெண்டு’ என்று சொன்னால் துணியை விலக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.