போடிமெட்டும் பரிசுச்சீட்டும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடையும் எல்லை ஊர் போடிமெட்டு. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். லாட்டரிச் சட்டமும் அங்கே மாறிவிடும்.

கேரள அரசு லாட்டரித் துறை 1967இல் தொடங்கியது. 1968 ஜனவரி 26இல் நடந்த முதல் குலுக்கலில் சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அண்ணா ஆட்சியில் 1968இல் தமிழ்நாடும் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. ஜெயலலிதா அரசு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. கூலிக்காரக் குடும்பங்களைக் காத்த சரியான முடிவு அது. ஆனால் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் போடித் தொழிலாளருக்குச் சீட்டு எட்டாத பொருளல்ல. கேரளத்தின் பூப்பாறைப் பக்கம் அது சட்டப்படி விற்பனைக்குரியது. அதைக் கீழே கொண்டுவந்து விற்பதுதான் குற்றம். கேரள லாட்டரியின் 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி ரூபாயும் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்கே விழுந்தது.

சீட்டுக்கட்டு ஆட்டத்தின் கதை வேறு. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.