ஆற்றங்கரையில் ஏன் பஞ்சாலை?

எடப்பாடித் தெருக்களில் நடந்தால் விசைத்தறிகளின் ஓசை உங்களைத் தொடர்ந்து வரும். காவிரியோ சில கல் தொலைவில், பூலாம்பட்டியில் ஓடுகிறது. தறிக்கும் ஆற்றுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அதை அறிய முதலில் தெற்கே, தாமிரபரணிக் கரைக்குப் போக வேண்டும்.

பொதிகை மலையிலிருந்து ஆறு சமவெளிக்கு இறங்கும் இடம் பாபநாசம். 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை ஒன்றை நிறுவினர். பருத்தி விளைந்ததோ கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில்! பஞ்சை மலையடிவாரம்வரை கொண்டு வந்தது ஏன்? அருவிக்காகத்தான். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி வேண்டும். நெல்லைச் சீமையில் அது கிடையாது. விழும் நீருக்கு விலை இல்லை. நீரின் எடையை அது விழும் உயரத்தால் பெருக்கிப் பாருங்கள். அதுவே நமக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல். அந்த ஆற்றல் சுழலியைத் திருப்ப, அச்சும் வார்ப்பட்டையும் அதைக் கதிர்களுக்குக் கொண்டு சென்றன. தாமிரபரணிக்கு இரு பருவமழையும் உண்டு என்பது இன்னொரு வசதி.

இவ்வழியை உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஆர்க்ரைட். 1771இல் கிராம்ஃபோர்டில் அவர் ஆலை கட்டியபோது ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் நீரையும் பயன்படுத்திக் கொண்டார். நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்ததால் அது குளிர்காலத்திலும் உறையவில்லை. நீர் இரவிலும் ஓடியது. ஆகவே சிறுவர்களும்கூட முறை வைத்து இரவிலும் உழைக்க நேர்ந்தது. நீர் இலவசம்தான், உறக்கம் இலவசமா?

அருவி ஆலையைத் தேடி வராது. ஆலைதான் அருவியைத் தேடிப் போக வேண்டும். இந்த விதியை மாற்றியது மின்சாரம். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. நீர் ஆற்றிலேயே இருக்க, அதன் ஆற்றல் மட்டும் கம்பி வழியே ஊர்களுக்குப் புறப்பட்டது. எடப்பாடி போன்ற ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி ஓட வழி பிறந்தது இப்படித்தான். (இன்று கம்பியில் வருவதில் அனல் மின்சாரமும் கலந்திருக்கிறது.)

சுழலியைத் திருப்பிய நீர் அளவும் நிறமும் மாறாமல் ஆற்றுக்குத் திரும்பி, கீழே வயலுக்குப் பாயும். சாயப்பட்டறை நீர் அப்படியல்ல. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் காவிரியில் கலக்கும் சாயக் கழிவில் நிறத்தோடு உப்பும் கரைந்திருக்கிறது. கரைந்த உப்பை மணல் வடிகட்டி பிடிக்காது. நுண்துளைச் சவ்வின் வழியே நீரை அழுத்தித்தான் பிரிக்க வேண்டும். அந்த அழுத்தத்துக்கும் மின்சாரம் தேவை.