கொத்மலை ஓயாவின் கணக்கில் வராத ஊற்றுகள்

நீர், மின்சாரம், உணவு மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்பது ஸ்மார்ட் நகரங்கள் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் வாதம். மலையகத்தில் மூன்றும் ஏற்கனவே ஒரே ஆற்றில் பிணைந்துதான் கிடக்கின்றன.

தலவாக்கலையில் மறிக்கப்படும் கொத்மலை ஓயாவின் நீர், சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாகச் சென்று, 2012இல் திறக்கப்பட்ட 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்தை இயக்குகிறது. அதற்கு விலையாக சென் கிளேயர் அருவி மெலிந்துபோனது. கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தில் அதே நீர் மீண்டும் மின்சாரமாகிறது. பின்னர் மகாவலியில் கலந்து, பொல்கொல்லையில் ஒரு பங்கு திருப்பப்பட்டு உலர் வலய வயல்களை அடைகிறது.

இந்த நீர் சேரும் சரிவுகளில்தான் தேயிலைத் தோட்டங்களும் நுவரெலியாவின் மரக்கறிப் பாத்திகளும் இருக்கின்றன. மூடாக்கு இல்லாத பாத்தியின் மண்ணை மழை ஆற்றில் சேர்க்கும். அது நீர்த்தேக்கத்தின் அடியில் படியும்.

லயன்களில் பலருக்குக் குடிநீர் மலை ஊற்றிலிருந்துதான். ஊற்று மெலிந்தால் பீலிக்கரையில் குடங்கள் வரிசை கட்டும். தேசிய மின்கட்டமைப்புக்கு நீர் தரும் இதே மலையில், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான்.