தேங்கும் கட்டும் தேக்கும் கட்டும்



நம் ரஹாங் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளின் புத்தகப்பையில் இன்று பாடநூல்களோடு வண்ணப்பட அட்டைகளும் இருக்கின்றன. அட்டை என்றதும் பெற்றோர்கள் முகம் சுளிக்கின்றனர். காரணம் உண்டு. தோட்டத்தில் சீட்டு என்றாலே சம்பள நாளன்று பணம் வைத்து ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். மளிகைக் கடையில் சில காசுகளுக்குத் 'திக்காம்' இழுத்த தலைமுறைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் அட்டைப் பொட்டலமும் அப்படித்தான் தோன்றும். அந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆயினும், பொட்டலம் வாங்குவது வேறு. வாங்கிய அட்டைகளைக் கொண்டு சிந்தித்து ஆடுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட இவ்விளையாட்டின் வரலாறு உதவும்.

பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "ஐயா, என் கட்டு நடுவிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கினால் சரியாகிவிடும்." இந்தக் குறை புதியதன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் ஆட்டக்காரர்கள் இதனோடு போராடி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட மருந்து என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொதுக் கட்டும் தனிக் கட்டும்

அட்டை விளையாட்டு நம் மண்ணுக்கு அந்நியமன்று. முகலாயர் காலத்தில் பரவிய கஞ்சிபா ஆட்டத்தில் வட்ட வடிவ அட்டைகள் 96 இருந்தன. திருமாலின் பத்து அவதாரங்களைக் கொண்ட தசாவதாரக் கஞ்சிபாவில் 120 அட்டைகள். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தாமே பல அட்டை ஆட்டங்களை வகுத்தார். அவற்றுள் 360 அட்டைகள் கொண்ட ஆட்டமும் உண்டு.

இவை யாவற்றிலும் கட்டு ஒன்றே. அதனையே எல்லாரும் பகிர்ந்து ஆடுவர். இந்த வழக்கத்தை மாற்றியவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1993 ஆகஸ்டில் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் அவருடைய விளையாட்டு வெளிவந்தது. இதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம்மிடமுள்ள அட்டைகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு எதிரியைச் சந்திக்கிறார். 1996இல் ஜப்பானில் போக்கிமோன் அட்டைகளும் 1999இல் யூகியோ அட்டைகளும் இவ்வழியில் வந்தன.

கட்டை நாமே அமைக்கலாம் என்றவுடன், தவறாக அமைக்கவும் வழி பிறந்தது.

கட்டு ஏன் தேங்குகிறது?

கார்ஃபீல்டின் ஆட்டத்தில் 'நில' அட்டைகள் ஆற்றலைத் தருகின்றன. அந்த ஆற்றலைச் செலவழித்தே வீரர்களையும் மந்திரங்களையும் களத்தில் இறக்க முடியும். ஒரு முறைக்கு ஒரு நிலமே வைக்கலாம். நிலம் குறைந்தால் கையில் வலிமைமிக்க அட்டைகள் இருந்தும் பயனில்லை. நிலம் மிகுந்தால் விளைவிக்க விதையில்லாத வயல்போல் ஆகிவிடும்.

இதனை எண்களால் பார்ப்போம். 60 அட்டைகள் கொண்ட கட்டில் 17 நிலங்களே இருப்பதாகக் கொள்வோம. தொடக்கத்தில் எடுக்கும் 7 அட்டைகளில் நிலமே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு. அதாவது மூன்று ஆட்டங்களில் ஒன்று தொடங்கும்போதே தடுமாறும். நிலங்களை 24 ஆக்கினால் அவ்வாய்ப்பு 14 விழுக்காடாகக் குறைகிறது. புதிய அட்டை எதுவும் வாங்கவில்லை. எண்ணிக்கை மட்டுமே மாறியது.

கட்டின் பருமனும் முக்கியம். ஒரு நல்ல அட்டையின் 4 படிகள் 60 அட்டைக் கட்டில் இருந்தால், முதல் 7 அட்டைகளுள் அவற்றில் ஒன்றேனும் வருவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு. கட்டை 90 அட்டைகளாகப் பெருக்கினால் அது 28 விழுக்காடாகிவிடும். பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சேர்க்கும் பிள்ளை தன்னுடைய சிறந்த அட்டையைத் தானே புதைத்துக்கொள்கிறது.

மூன்று படிப்பினைகள்

தொடக்க காலத்தில் 40 அட்டைகள் இருந்தால் போதும். ஒரே அட்டையை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். இதனால் ஆட்டம் ஒருதலையாக முடிந்தது. 1994இல் போட்டி விதிகள் திருத்தப்பட்டன. கட்டில் 60 அட்டைகளாவது இருக்க வேண்டும். அடிப்படை நிலங்கள் தவிர வேறெந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது என்றாயிற்று.

அதே ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. வென்றவர் சாக் டோலன். அவருடைய கட்டின் நோக்கம் எதிரியை அசையவிடாமல் தடுப்பது. 'ஸ்டேசிஸ்' என்னும் அட்டை களத்தில் இருந்தால், ஒரு முறை பயன்பட்ட நிலமும் வீரனும் மீண்டும் எழ முடியாது. அவருடைய தேவதை அட்டையோ, தாக்கிய பின்னும் சாயாமல் நிற்கும் இயல்புடையது. எனவே எல்லாம் உறைந்த களத்தில் அது மட்டும் தாக்கிக்கொண்டிருந்தது.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இங்கே ஒரு சுவை உண்டு. 'தேங்கு' தன்வினை, 'தேக்கு' பிறவினை. தானாகத் தேங்கும் கட்டு தோற்கும். எதிரியைத் தேக்கும் கட்டு வெல்லும். நம் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 15 ஆடுகளால் ஒரு புலியைக்கூடக் கொல்ல முடியாது. ஆயினும் மூன்று புலிகளும் நகர இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கே வெற்றி. டோலன் செய்ததை நம் பாட்டிமார் திண்ணையில் கோடு கிழித்துச் செய்திருக்கின்றனர்.

இரண்டாவது படிப்பினை பிரையன் வைஸ்மனுடையது. 1990களின் நடுவில் அவர் அமைத்த கட்டு 'தி டெக்' என்றே பெயர் பெற்றது. அதில் வெற்றியைத் தரும் அட்டைகள் மிகச் சிலவே. மற்றவை எதிரியின் செயலைத் தடுப்பவை அல்லது மேலும் அட்டைகளை எடுக்க உதவுபவை. எதிரியின் கை காலியாகி நம் கை நிறைந்திருந்தால் வெற்றி தானே வரும் என்பது அவர் கண்ட நெறி.

மூன்றாவது படிப்பினைதான் தேங்கும் கட்டுக்கு நேரான மருந்து. 1996இல் அட்லாண்டாவில் பால் ஸ்லை என்பவர் ஒரு தகுதிப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். அவர் ஆடிய கட்டை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அதிலிருந்த வீரர்கள் பலரும் யாரும் விரும்பாத எளிய அட்டைகள். ஆனால் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள ஆற்றல் முழுவதும் செலவாகும்படி, குறைந்த விலை அட்டைகள் மிகுதியாகவும் உயர்ந்த விலை அட்டைகள் குறைவாகவும் அடுக்கப்பட்டிருந்தன. பின்னாளில் இதனை 'மானா வளைவு' என்றனர். விலையுயர்ந்த அட்டைகளை ஒழுங்கின்றி அடுக்கியவர்கள், கடையின் மூலையில் கிடந்த அட்டைகளிடம் தோற்றனர்.

விதியும் ஆட்டக்காரர்களுக்குக் கைகொடுத்தது. முதலில், நிலமே வராத கையையோ நிலம் மட்டுமே வந்த கையையோதான் மாற்ற முடியும். 1997 முதல் எந்தக் கையையும் மாற்றலாம். ஆனால் ஒரு அட்டை குறைத்தே எடுக்க வேண்டும். 2019இல் வந்த விதிப்படி மீண்டும் ஏழு எடுத்து, வேண்டாததைக் கட்டின் அடியில் வைக்கலாம்.

நம் நாட்டில்

மலேசியாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. டெரி சோ என்னும் மலேசியர் 2004 உலகப் போட்டியில் முதல் எண்மருள் ஒருவரானார். 2005இல் அழைப்பாளர் போட்டியில் வென்றார். அதன் பரிசாக, அவர் உருவம் பொறித்த அட்டையொன்று 2006இல் வெளிவந்தது. 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரிலேயே தொழில்முறைச் சுற்றுப் போட்டி நடந்தது. அமெரிக்கரான ஜான் ஃபிங்கல் வென்றார். அப்போட்டியில் யாரும் வீட்டிலிருந்து கட்டைக் கொண்டுவரவில்லை. மேசையிலேயே பொட்டலங்களைப் பிரித்து, ஆளுக்கு ஓர் அட்டையாக எடுத்துக் கைமாற்றி, 40 அட்டைக் கட்டை அமைத்தனர். வீட்டில் விலையுயர்ந்த அட்டை வைத்திருந்தவருக்கு அங்கே தனிச்சலுகை இல்லை.

வகுப்பறைக்கு

நம் தோட்டப் பிள்ளைகளுள் சிலருக்கு வாரந்தோறும் பொட்டலம் வாங்க வசதியுண்டு, பலருக்கு இல்லை. இல்லாத பிள்ளை, பணம் இல்லாததால்தான் தோற்கிறேன் என்று நம்பத் தொடங்கிவிட்டால், அந்த எண்ணம் விளையாட்டோடு நிற்காது. எனக்குக் கவலை அதுதான். அந்த நம்பிக்கை முழுமையாகச் சரியன்று என்பதற்கு 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா சான்று.

எனவே அட்டைகளைப் பறிமுதல் செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், புறப்பாட நேரத்தில் ஒருமுறை அவற்றை மேசையில் பரப்பச் சொல்லுங்கள். விலை வாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். அது அப்படியே ஒரு பட்டைக் குறிவரைவாக நிற்கும். எந்த வரிசை மிக உயர்ந்திருக்கிறது, ஆற்றல் அட்டைகள் எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். பிறகு பத்து முறை கலைத்து, ஏழேழாக எடுத்து, எத்தனை முறை தேங்கியது என்று குறிக்கட்டும். நிகழ்தகவுப் பாடத்திற்கு இதைவிட எளிய கருவி எனக்குக் கிடைத்ததில்லை. என் வகுப்பில் ஒரு மாணவன் இவ்வாறு எண்ணிப் பார்த்து, கையிலிருந்த எல்லாவற்றையும் அடுக்கிய தன் பருத்த கட்டிலிருந்து பதினெட்டு அட்டைகளை எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டான்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை அடுத்த பொட்டலத்திற்குக் காசு கேட்கும்போது, "கட்டில் எதை எடுக்கப் போகிறாய்?" என்று முதலில் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தப் பொட்டலம் தேவைப்படாது.